இணையக் கடையில் ஓமம் எங்கே இருக்கும்?

மளிகைக் கடைக்குள் நுழைந்து, "அக்கா, ஓமம் எங்க இருக்கு?" என்று கேட்டால் போதும். கல்லாவில் இருப்பவர் தலையைக்கூட நிமிர்த்தாமல் கையை நீட்டி, "ரெண்டாவது வரிசை, கீழ்த்தட்டு, சுக்குக்குப் பக்கத்துல" என்பார். அரை நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். இணையக் கடையில் அந்தக் கை கிடையாது. வாங்க வந்தவர் கைப்பேசித் திரையில் தெரியும் பத்துப் பன்னிரண்டு சொற்களைப் பார்த்து, தமக்கு வேண்டியது எதற்குள் இருக்கும் என்று தாமே ஊகிக்க வேண்டும். ஊகம் ஒருமுறை தவறினால் இன்னொரு முறை முயல்வார். அதுவும் தவறினால் வேறு கடைக்குப் போய்விடுவார். பொருள் இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும்.

கிள்ளான் ஜாலான் தெங்கு கெலானா வட்டாரத்தில் உள்ள ஒரு மளிகைக் கடைக்கு இணைய அங்காடி அமைக்கும் சிறு குழுவில் நான் வேலை செய்தேன். படம் எடுக்க ஒருவர், அகப்பக்கத்தை வடிவமைக்க ஒருவர். என் பொறுப்பு, கடையில் இருந்த ஏறக்குறைய 600 பொருள்களை வகைப்படுத்துவது. கேட்பதற்கு எளிய வேலை. ஆனால் மற்ற இரண்டு வேலைகளும் முடிந்த பிறகும் இது முடியவில்லை. இதைப் படிக்கும் உங்களில் பலர் குடும்பக் கடைக்காகவோ, கல்லூரித் திட்டப்பணிக்காகவோ, சொந்தமாகத் தொடங்கப்போகும் சிறு வணிகத்துக்காகவோ இதே வேலையைச் செய்ய நேரலாம். அதனால் நான் கற்றுக்கொண்டவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கடைக்காரரின் வரிசை, வாங்குபவரின் வரிசை

என் கைக்கு முதலில் வந்தது கடையின் இருப்புக் கணக்கு நோட்டு. அதில் பொருள்கள் மொத்த வியாபாரிகளின் பெயர்களின் கீழ் எழுதப்பட்டிருந்தன. ஒருவரிடமிருந்து வருவது பருப்பு, அரிசி மாவு, வெல்லம். இன்னொருவரிடமிருந்து வருவது ஊதுவத்தி, சோப்பு, ஊறுகாய். கடை நடத்துபவருக்கு இது மிக நல்ல வரிசை. யாருக்குத் தொலைபேசி செய்து எதைக் கேட்க வேண்டும் என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ஆனால் வாங்க வருபவருக்கு ஊதுவத்தியும் ஊறுகாயும் ஒரே லாரியில் வந்து இறங்கிய செய்தியால் எந்தப் பயனும் இல்லை.

நோட்டின் கடைசிப் பக்கங்களில் 'இதர' என்று ஒரு தலைப்பு. எந்த வியாபாரியின் கீழும் வராதவை எல்லாம் அதில் இருந்தன: விபூதி, சீயக்காய்த் தூள், விளக்குத் திரி, ஓமம், கல் உப்பு, இடியாப்பத் தட்டு. கிள்ளானிலேயே வீட்டில் வடகமும் மோர் மிளகாயும் செய்து இந்தக் கடைக்குக் கொடுக்கும் ஓர் அம்மாவின் பொட்டலங்களும் அதில்தான். கடையில் அவை கல்லாவுக்கு அருகில் தொங்கும். பணம் கட்ட வருபவர் கண்ணில் பட்டு விற்றுவிடும். அதே பட்டியல் அப்படியே திரைக்குப் போயிருந்தால் அவை 'இதர'வின் மூன்றாம் பக்கத்தில் கிடந்திருக்கும். "எனக்கு இன்று 'இதர' வேண்டும்" என்று நினைத்து யாரும் கடைக்கு வருவதில்லை. அந்த அம்மாவின் மாத வருமானத்தில் ஒரு பகுதி, அவருடைய பொட்டலத்தை நாம் எந்தச் சொல்லின் கீழ் வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. இதை உணர்ந்தபோதுதான் இந்த வேலையின் கனம் எனக்குப் புரிந்தது.

வகைப்படுத்துபவர் நிற்கும் இடம்

எந்த வகைப்பாடும் அதை உருவாக்கியவர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்த காட்சிதான். இதற்கு நல்ல சான்று நம் பள்ளி நூலகத்திலேயே இருக்கிறது. நூல்களின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்கள் பெரும்பாலும் அமெரிக்கரான மெல்வில் டூயி 1876 ஆம் ஆண்டு வெளியிட்ட பதின்ம வகைப்பாட்டைச் சேர்ந்தவை. அவர் அறிவு முழுவதையும் பத்துப் பெரும் வகுப்புகளாகப் பிரித்தார். 200 என்பது சமயம். அதில் 220 முதல் 280 வரை கிறிஸ்துவ சமயத்துக்கு. உலகின் மற்ற எல்லாச் சமயங்களுக்கும் சேர்த்து 290 என்ற ஒரே பிரிவு. 800 என்பது இலக்கியம். அமெரிக்க இலக்கியத்துக்கு 810, ஆங்கில இலக்கியத்துக்கு 820 என்று முழுப் பிரிவுகள். தமிழ் இலக்கியத்தின் எண் 894.811. புள்ளிக்குப் பின்னும் மூன்று இலக்கம் போனால்தான் நாம் வருவோம்.

டூயி இதைத் தாம் பணியாற்றிய அமெரிக்கக் கல்லூரி நூலகத்தை மனத்தில் வைத்து உருவாக்கினார். அந்த நூலகத்தில் எந்த நூல்கள் அதிகமோ அவற்றுக்கு அகன்ற இடம் கிடைத்தது. அங்கே அது பொருந்தியிருக்கலாம். அதே அமைப்பு உலகம் முழுவதும் பரவியபோது, மற்றவர்களின் மொத்த வாழ்க்கையும் 'இதர'வுக்குள் அடங்கிவிட்டது.

பெரிய பேரங்காடிகளில் 'இன உணவு' என்று ஒரே ஓர் அடுக்கில் மிளகாய்த்தூளும் அப்பளமும் சேர்ந்து நிற்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். நம் கடையின் இணைய அங்காடியை நாமே அமைக்கும்போது அந்த நிலையை மாற்றும் வாய்ப்பு நமக்குக் கிடைக்கிறது. ஆனால் அங்கேயும் ஓர் எச்சரிக்கை வேண்டும். கடைக்காரர் தம் இடத்திலிருந்து பார்ப்பதுபோல, வகைப்படுத்தும் நானும் என் இடத்திலிருந்துதான் பார்ப்பேன். எனக்கு 21 வயது. கடைக்கு வருபவர்களில் 70 வயதுப் பாட்டியும் உண்டு, மீகோரெங்குக்குக் கறித்தூள் வாங்க வரும் மலாய்க்காரரும் உண்டு.

15 பேர், 60 அட்டைகள்

இதற்குத் துறையில் ஒரு பழகிய முறை இருக்கிறது. அட்டை அடுக்குதல் என்று சொல்லலாம். பொருள்களின் பெயர்களை ஒவ்வோர் அட்டையிலும் ஒன்றாக எழுதி, வாங்குபவர்களிடம் கொடுத்து, "சேர்ந்திருக்க வேண்டியவற்றைச் சேர்த்து வையுங்கள்" என்று சொல்ல வேண்டும். அடுக்கி முடித்ததும், ஒவ்வொரு குவியலுக்கும் அவர்களையே பெயர் வைக்கச் சொல்ல வேண்டும். எத்தனை பேரிடம் கேட்பது? இணையப் பயன்பாட்டு ஆய்வில் பெயர்பெற்ற ஜேக்கப் நீல்சன் 15 பேர் போதும் என்று 2004 இல் எழுதினார். அதற்கு மேல் கேட்டாலும் புதிதாகத் தெரியவருவது குறைவு. 15 பேர் என்பது ஒரு மாணவரால் செய்யக்கூடிய அளவுதான்.

நான் 60 பொருள்களைத் தேர்ந்தெடுத்துப் பழைய நாள்காட்டி அட்டைகளில் எழுதினேன். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் பெயர் இருந்தது. கடை வாசலில் ஒரு மேசை போட்டு, வருபவர்களிடம் பத்து நிமிடம் கேட்டேன். கடைக்கார அக்கா எல்லாருக்கும் தேநீர் கொடுத்தார்.

ஓமம் அட்டையை இளையவர்கள் பெரும்பாலும் மசாலைப் பொருள்களோடு வைத்தார்கள். மூத்தவர்கள் சுக்கு, திப்பிலி, கடுக்காய் ஆகியவற்றோடு வைத்து 'நாட்டு மருந்து' என்று பெயரிட்டார்கள். இரண்டும் சரி. மோர் மிளகாயை நான் மிளகாய் வகையில் எதிர்பார்த்தேன். ஒருவர்கூட அப்படி வைக்கவில்லை. எல்லாரும் அப்பளம், வடகத்தோடு வைத்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு ஒரு மாமி சொன்னார்: "எண்ணெய் காயும்போது மூணையும் ஒண்ணாத்தானே தம்பி பொரிப்போம்!"

மக்கள் பொருளை அது என்ன என்பதைக் கொண்டு மட்டும் அடுக்குவதில்லை, அதை வைத்து என்ன செய்வார்கள் என்பதைக் கொண்டும் அடுக்குகிறார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1893 இல் இந்தப் பக்கம்தான் நின்றது. அங்கு இறக்குமதியாகும் காய்கறிக்கு வரி உண்டு, பழத்துக்கு இல்லை. தக்காளி தாவரவியலின்படி பழம், எனவே வரி கூடாது என்று வணிகர்கள் வாதிட்டார்கள். தக்காளியை மக்கள் உணவோடு காயாகத்தான் சமைத்துப் பரிமாறுகிறார்கள், உணவுக்குப் பின் பழமாக அல்ல; ஆகவே அது காய்கறியே என்று நீதிபதிகள் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். கடை நடத்துபவருக்கும் அதுவே பாடம்.

வாய்க்கு ஒன்று, சாமிக்கு ஒன்று

அட்டை அடுக்கியவர்களில் ஒரு பாட்டி செய்ததை நான் முன்னரே நினைத்துப் பார்த்திருக்கவில்லை. 'பச்சைக் கற்பூரம்', 'சூடம்' என்ற இரண்டு அட்டைகளும் அவருக்கு முன்னால் பேரனால் ஒன்றாக வைக்கப்பட்டிருந்தன. இரண்டும் கற்பூரம்தானே என்பது அவன் கணக்கு. பாட்டி அவற்றைப் பிரித்து மேசையின் இரண்டு முனைகளில் வைத்தார். "பேரு ஒண்ணுதான்யா. ஆனா ஒண்ணு வாய்க்கு, ஒண்ணு சாமிக்கு" என்றார்.

பச்சைக் கற்பூரம் சர்க்கரைப் பொங்கலிலும் லட்டிலும் ஒரு சிட்டிகை சேர்ப்பது. சூடம் ஆரத்தி காட்டுவது. அதை விழுங்கினால் நஞ்சு; சிறு பிள்ளைகளுக்கு வலிப்புகூட வரும். சமையல் தெரிந்தவர் இரண்டையும் குழப்பிக்கொள்ளமாட்டார். ஆனால் முதல்முறையாகத் தனியாக வீடு எடுத்துத் தங்கி, அம்மா சொன்ன செய்முறையைப் புலனத்தில் பார்த்துக்கொண்டே பொங்கல் வைக்கும் மாணவர் 'கற்பூரம்' என்ற வகையைத் திறந்தால், இரண்டு வெள்ளைப் பொட்டலங்கள் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். அவற்றில் விலை குறைந்ததை அவர் எடுத்துவிடக்கூடும்.

எண்ணெயும் அப்படித்தான். 'எண்ணெய்' என்று ஒரே வகை வைத்தால் சமையலுக்கான நல்லெண்ணெயும், விளக்கேற்ற மட்டுமே விற்கப்படும் தீப எண்ணெயும் ஒரே பக்கத்தில் வந்து நிற்கும். கடையில் இவை இரண்டும் தொலைவான அடுக்குகளில் இருக்கும். கடைக்கார அக்கா இத்தனை ஆண்டுகளாகச் சொல்லாமலே செய்துவந்த ஒரு பாதுகாப்பு அது. திரையில் அந்தத் தொலைவை நாம்தான் உருவாக்க வேண்டும். ஆகவே எங்கள் முதல் முடிவு, உண்பவை, உண்ணாதவை என்ற பிரிவு எல்லாவற்றுக்கும் மேலே வர வேண்டும் என்பது. சூடமும் தீப எண்ணெயும் 'பூசைப் பொருள்கள்' என்ற வகையில் மட்டுமே இருக்கும். பக்கத்தில் 'உண்ணத் தகாதது' என்ற குறிப்பும் இருக்கும்.

சீர்காழிக்காரர் தந்த விடை

ஓமத்தின் சிக்கல் இன்னும் தீரவில்லை. அது மசாலையா, மருந்தா? ஒரு மரத்தின் கிளைகளைப் போல வகைகளைப் பிரித்தால், ஒரு பொருள் ஒரு கிளையில்தான் உட்கார முடியும். நூலகத்தில் ஒரு நூல் ஓர் அடுக்கில்தான் நிற்க முடியும் என்பதால் டூயிக்கு வேறு வழியில்லை.

இந்தச் சிக்கலுக்கு வேறு ஒரு கோணத்தில் விடை கண்டவர் ஒரு தமிழர். 1892 இல் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து, 1924 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். அதே ஆண்டு நூலகக் கல்விக்காக லண்டனுக்குச் சென்றார். அங்கே ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். ஒரே பெட்டியில் இருக்கும் சில பட்டைகளையும் திருகுகளையும் மாற்றி மாற்றி இணைத்தால் விதவிதமான பொம்மைகள் உருவாகும். நூலின் பொருளையும் அப்படிச் சிறு கூறுகளாகப் பிரித்து, தேவைக்கேற்ப இணைத்தால் என்ன என்று அவர் யோசித்தார். அந்த யோசனை 1933 இல் கோலன் வகைப்பாடு என்ற நூலாக வெளிவந்தது. ஒன்றின் இடத்தை முன்கூட்டியே முடிவு செய்யாமல், அதன் முகங்களை ஒவ்வொன்றாகப் பதிவு செய்வது அதன் அடிப்படை.

இன்று எந்த இணையக் கடையைத் திறந்தாலும் ஓரத்தில் நிறம், அளவு, விலை, நிறுவனம் என்று வடிகட்டிகள் இருக்கும். அவற்றை ஒன்றோடொன்று இணைத்துத் தேடலாம். தகவல் துறையில் இதைப் 'பன்முக வகைப்பாடு' என்பார்கள். அந்தச் சிந்தனையை முறையாக வகுத்துக் கொடுத்தவர் என்று ரங்கநாதனைத் துறையினர் இன்றும் குறிப்பிடுகிறார்கள். தமிழ் மாணவர்களான நமக்கு அவர் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் கடைக்கு இதை இப்படிப் பயன்படுத்தினோம். ஓமத்துக்கு ஒரு வீடு: மசாலைப் பொருள்கள். அதன் பிறகு அதன் முகங்கள். வடிவம்: முழுசு, பொடி, விழுது. பயன்: சமையல், கைவைத்தியம். அளவு: 100 கிராம், 250 கிராம். இப்போது 'கைவைத்தியம்' என்ற சொல்லைத் தொடும் பாட்டிக்கும் ஓமம் தெரியும், மசாலையைத் திறக்கும் பேரனுக்கும் தெரியும். ஒரு பொருளுக்கு ஒரு வீடு இருந்தால் கணக்கு குழம்பாது. பல வாசல்கள் இருந்தால் யாரும் திரும்பிப் போகமாட்டார்கள்.

முகங்களில் சில மிகுந்த பொறுப்போடு நிரப்ப வேண்டியவை. கடைகளில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவருக்கு அந்தச் செய்தி முக்கியம். மலேசியாவின் 1985 ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள், கோதுமை போன்ற தானியங்கள், நிலக்கடலை உள்ளிட்ட கொட்டைகள், மீன், பால், முட்டை ஆகியவை சேர்ந்திருந்தால் பொட்டலத்தில் குறிப்பிட வேண்டும் என்கின்றன. பொட்டலத்தின் பின்புறம் இருக்கும் அந்த வரி, பொருளின் முன்பக்கப் படத்தில் தெரியாது. ஒவ்வொரு பொட்டலத்தையும் திருப்பிப் பார்த்து நாங்கள் 'ஒவ்வாமை' என்ற முகத்தை நிரப்பினோம். ஹலால் என்ற முகமும் அப்படித்தான். பொட்டலத்தில் முத்திரை இருந்தால் மட்டுமே குறித்தோம். "இது வெறும் பருப்புத்தானே" என்று ஊகித்து நிரப்பவில்லை. ஹலால் என்று பொய்யாகக் குறிப்பது நம் நாட்டில் சட்டப்படி குற்றம்.

ஒரே பொருளுக்கு எத்தனை பெயர்

வகைகளைத் தொடாமல் நேரே தேடல் பெட்டிக்குப் போகிறவர்களும் உண்டு. அங்கே தொடங்குகிறது அடுத்த சிக்கல். சீரகம் மலாயில் ஜிந்தான் பூத்தே. சோம்பு என்றாலும் பெருஞ்சீரகம் என்றாலும் ஒன்றே. மலாயில் அது ஜிந்தான் மானிஸ். வெந்தயம் ஹல்பா. கொத்தமல்லி விதை கெத்தும்பார். அன்னாசிப்பூ பூங்கா லாவாங். சீரகத்தை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்பவர்கள் எஸ், ஜே, சிஎச் என்று மூன்று விதமாகத் தொடங்குகிறார்கள். இவற்றில் ஒன்றை மட்டும் பெயராக வைத்தால் மற்ற வழிகளில் வருபவர்களுக்குத் திரை "பொருள் இல்லை" என்று சொல்லிவிடும்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. 'கடலை' என்று தேடினால் நிலக்கடலையா, கொண்டைக்கடலையா, பொட்டுக்கடலையா, கடலைப்பருப்பா? மலாயில் 'காச்சாங்' இன்னும் அகலமானது. காச்சாங் தானா நிலக்கடலை, காச்சாங் ஹிஜாவ் பச்சைப்பயறு, காச்சாங் கூடா கொண்டைக்கடலை, காச்சாங் பாஞ்சாங் பயற்றங்காய். ஈப்போ புந்தோங்கின் பெயர்பெற்ற காச்சாங் பூத்தேயோ நொறுக்குத் தீனி. ஒரே சொல் எங்கள் கடையின் நான்கு வகைகளைத் தொடுகிறது. நிலக்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளையின் தாய் 'காச்சாங்' என்று தேடும்போது, எது எது என்பதைத் திரை தெளிவாகப் பிரித்துக் காட்டியாக வேண்டும்.

இந்த இரண்டு சிக்கல்களையும் நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். தமிழின் பழைய சொற்பொருள் நூல்களான நிகண்டுகள் அகர வரிசையில் தொடங்கவில்லை. வகை வரிசையில்தான் தொடங்கின. திவாகர நிகண்டில் 12 தொகுதிகள். தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று ஒவ்வொரு வகைக்கும் உரிய பல பெயர்களை ஓரிடத்தில் தொகுத்துவிட்டு, பதினோராம் தொகுதியில் ஒரு சொல் பல பொருள் தருவதைத் தனியாக வைத்தார்கள். பல சொல் ஒரு பொருள், ஒரு சொல் பல பொருள்: தேடல் பெட்டியைக் கட்டுபவர் தீர்க்க வேண்டியவை இந்த இரண்டும்தான். நான் ஒரு விரிதாளில் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே அதன் எல்லாப் பெயர்களையும் எழுதினேன். அந்த விரிதாள் எங்கள் கடையின் சிறு நிகண்டு.

அதில் எனக்கு ஒரு மனநிறைவும் உண்டு. சாமை, வரகு, குதிரைவாலி ஆகிய மூன்றையும் 'மில்லட்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவது எளிது. அப்படிச் செய்தால் அடுத்த தலைமுறைக்கு அந்த மூன்று சொற்களும் எங்கும் கண்ணில் படாது. ஆங்கிலச் சொல்லால் தேடி வந்தவரும் தமிழ்ப் பெயரைப் பார்த்துவிட்டுப் போகும்படி, தமிழ்ப் பெயரை மேலேயும் மற்ற மொழிப் பெயர்களை அதன் கீழேயும் வைத்தோம்.

எத்தனை வகை, எத்தனை ஆழம்

முகப்பில் ஏழு வகைக்கு மேல் வைக்கக்கூடாது என்று சிலர் உங்களிடம் சொல்லக்கூடும். அதற்கு ஆதாரமாக உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956 இல் எழுதிய கட்டுரையைக் காட்டுவார்கள். அந்தக் கட்டுரை மனிதர் நினைவில் ஒரே நேரத்தில் எத்தனை விவரங்களை வைத்திருக்க முடியும் என்பதைப் பற்றியது. திரையில் கண்ணெதிரே இருக்கும் பட்டியலை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நாங்கள் பதினொரு வகைகள் வைத்தோம். எண்ணிக்கையைவிட, ஒன்றுக்கொன்று குழப்பாத பெயர்கள்தான் முக்கியம். 'மசாலைப் பொருள்கள்', 'சமையல் பொருள்கள்' என்று இரண்டு வகைகள் இருந்தால் மஞ்சள்தூள் எதில் என்று யாருக்கும் தெரியாது.

ஆழத்தையும் கட்டுப்படுத்தினோம். முகப்பிலிருந்து இரண்டு தொடுதலில் பொருளைக் காண வேண்டும். மூன்று பொருள்களுக்காக ஓர் உட்பிரிவு உருவாக்கவில்லை. 'இதர' என்ற வகையை அடியோடு எடுத்துவிட்டோம். வீடு கிடைக்காத பொருள் வந்தால் அது நம் வகைகளில் ஏதோ குறை இருப்பதற்கான அறிகுறி.

தீபாவளி, பொங்கல் போன்றவற்றை வகையாக வைக்காமல் தொகுப்பாக வைத்தோம். வகை ஆண்டு முழுவதும் அசையாமல் இருக்க வேண்டும். தொகுப்பு வந்து போகும். முறுக்கு மாவின் வீடு மாவு வகைதான். தீபாவளிக்கு முன் சில வாரங்கள் அது தீபாவளித் தொகுப்பிலும் தெரியும்.

ஷோப்பி, லசாடா போன்ற பெருந்தளங்களில் விற்கும்போது தளம் வகுத்த பொது வகைகளில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். அதில் நம் வடகத்துக்கு நேராகப் பொருந்தும் கிளை இல்லாமல் போகலாம். அப்போது பொருளின் பெயரிலும் விவரத்திலும் எல்லாச் சொற்களையும் சரியாகத் தருவதும், கடையின் சொந்தப் பக்கத்துக்குள் நமக்கேற்ற வகைகளை அமைத்துக்கொள்வதும் உதவும்.

கடை திறந்த பிறகும் வேலை முடிவதில்லை. பெரும்பாலான இணையக் கடை மென்பொருள்களில், எந்தச் சொல்லைத் தேடி விடை கிடைக்காமல் போனார்கள் என்ற பட்டியல் கிடைக்கும். வாரம் ஒருமுறை அதைப் பார்க்க வேண்டும். யாரோ ஒருவர் 'தாளிக்க' என்று தேடியிருந்தார். பொருளின் பெயரையே சொல்லாமல், செய்யப்போகும் வேலையைச் சொல்லியிருக்கிறார். கடுகு, உளுத்தம்பருப்பு, வெந்தயம், காய்ந்த மிளகாய், பெருங்காயம் ஆகியவற்றைச் சேர்த்து அந்தப் பெயரிலேயே ஒரு தொகுப்பு வைத்தோம். வடகமும் மோர் மிளகாயும் இப்போது 'அப்பளம், வடகம், வற்றல்' என்ற வகையில் இருக்கின்றன. முதல் மாதத்திலேயே ஜொகூர் பாருவிலிருந்து ஒருவர் ஐந்து பொட்டலம் வடகம் கேட்டிருந்தார். கிள்ளானுக்கு ஒருமுறைகூட வராதவர் அவர். அந்த அம்மாவிடம் சொன்னபோது, "பொட்டலத்துல என் பேரையும் போடலாமா தம்பி?" என்று கேட்டார். அடுத்த முறை படம் எடுத்தபோது அவர் பெயர் பொட்டலத்தில் இருந்தது.

நீங்கள் தொடங்குவதானால்

இதற்குக் கணினி அறிவியல் பட்டம் தேவையில்லை. ஒரு விரிதாளும் சில அட்டைகளும் பொறுமையும் போதும். முதலில் எல்லாப் பொருள்களையும் ஒரே பட்டியலில் எழுதுங்கள். எதையும் வகைப்படுத்தாதீர்கள். அடுத்து, வெவ்வேறு வயதிலும் மொழியிலும் இருக்கும் 15 பேரிடம் அட்டை அடுக்கச் சொல்லுங்கள். அவர்கள் வைத்த பெயர்களையே வகைகளுக்கு வையுங்கள். ஆபத்து விளைவிக்கக்கூடிய பொருள்களை முதலிலேயே பிரித்துவிடுங்கள். பிறகு ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வீடும், அதன் முகங்களும், அதன் எல்லாப் பெயர்களும் கொடுங்கள். கடைசியாக, ஐந்து பேரிடம் கைப்பேசியைக் கொடுத்து "ஓமத்தைக் கண்டுபிடியுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் பாருங்கள். அவர்கள் தயங்கும் இடத்தில் உங்கள் வேலை மிச்சம் இருக்கிறது.

இந்தத் திறனுக்கு வேலைச் சந்தையிலும் இடம் உண்டு. இணைய வணிக நிறுவனங்கள், நூலகங்கள், மருத்துவமனைப் பதிவகங்கள், செய்தி நிறுவனங்கள் எல்லாம் தங்கள் தகவல்களை ஒழுங்குபடுத்த ஆள் தேடுகின்றன. மூன்று மொழிகளில் ஒரு பொருளின் பெயர் தெரிந்திருப்பது மலேசியத் தமிழ் மாணவர்களுக்கு இயல்பாகவே வாய்த்திருக்கும் ஒரு பலம்.

நம் ஊர்களில் இன்னும் இணையத்துக்கு வராத மளிகைக் கடைகளும், பூசைப் பொருள் கடைகளும், துணிக்கடைகளும் நிறைய இருக்கின்றன. அவற்றின் ஒழுங்கு முழுவதும் கல்லாவில் இருப்பவரின் நினைவில்தான் இருக்கிறது. அடுத்த பள்ளி விடுமுறையில் உங்களுக்குத் தெரிந்த ஒரு கடையைத் தேர்ந்தெடுத்து, அங்குள்ள அக்காவிடமோ அண்ணனிடமோ இரண்டு நாள் உட்கார்ந்து கேளுங்கள். எது எங்கே, ஏன் அங்கே, அதற்கு வேறு பெயர் என்ன என்று எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் கடையை இணையத்தில் திறக்கும் நாள் வரும்போது, முதலில் தேவைப்படுவது அந்த நோட்டுதான்.